ஒன்ராறியோப் பள்ளிகளின் ஐகொன் கணினி: உங்கள் மனத்தில் இன்னும் நிற்பது எது?

சுதன் (ஸ்காபரோ)

கனடாவின் ஒன்ராறியோ மாகாணப் பள்ளிகளுக்கென்றே செய்த ஐகொன் கணினியைத் தொட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள் என்று நம்பித்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். கனத்த உடம்பு, விசைப்பலகையிலேயே பதித்த உருளும் பந்து, எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது அது பேசிய சொல்லைப் பற்றி.

1989 தை மாதம் கனடாவில் வந்திறங்கினேன். பதினொரு வயது. மூன்றாவது கிழமையே ஆசிரியை எங்களைக் கணினி அறைக்கு அழைத்துப் போனார். ஆளியைப் போட்டதும் கணினி வாய் திறந்தது. "த்டிக்." அடுத்த மேசையிலும் "த்டிக்". அதற்கடுத்த மேசையிலும். அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை அந்தச் சொல் நடந்து போனது. மற்றப் பிள்ளைகள் ஒருவரும் தலை நிமிரவில்லை. ஆகவே அது எல்லாருக்கும் விளங்கிய ஆங்கிலச் சொல், எனக்கு மட்டுமே தெரியாதது என்று முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் கேட்டேன். தொழிற்சாலையில் வேலை முடித்து அப்போதுதான் உள்ளே வந்தவர், சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து அகராதியைப் புரட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலாக முயன்றார். கிடைக்கவில்லை. அம்மம்மா மட்டும், "திக்கு என்றால் திசை. எந்தத் திசையைச் சொன்னதாம்?" என்று கேட்டார். சித்தப்பா விடவில்லை. மறுநாள் தன் மேற்பார்வையாளரிடம் கேட்டு வருவதாகச் சொன்னார், கேட்டும் வந்தார். அவருக்கும் தெரியவில்லையாம்.

அதற்குப் பொருளே இல்லை என்று பல ஆண்டுகளுக்குப் பிறகே அறிந்தேன். ஐகொனுக்குள் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.எம்.எஸ். 5220 என்ற பேச்சுச் சில்லு இருந்தது. இயங்கத் தொடங்கும்போது அது எழுப்பும் ஒலி அது, அவ்வளவுதான். கனடாவின் முதல் கணினி எனக்குச் சொன்ன முதல் சொல் அகராதியிலேயே இல்லாதது. இதைச் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வாணி

எனக்குப் பதிந்தது பார்ட்லெட் குடும்பத்தின் கதை. 1784 முதல் 1911 வரையான கனடா வரலாற்றை நான்கு பாகங்களாக விளையாட வைத்த மென்பொருள். ஐகொன் இருந்த பள்ளியில் படித்த பலருக்கு நினைவிருக்கும்.

முதல் பாகத்தின் தலைப்பில் 'அகதிகள்' என்பதற்கான ஆங்கிலச் சொல் இருந்தது. என் ஆங்கிலம் அப்போது மிகக் குறைவு. ஆனால் அந்த ஒரு சொல்லை எழுத்துக்கூட்டாமல் வாசித்தேன். அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருந்த கோப்பின் மேல் அது அச்சாகியிருந்தது.

அமெரிக்கப் புரட்சியில் மன்னரின் பக்கம் நின்று, வீடு வாசலை இழந்து, வடக்கே வந்த குடும்பங்கள் இவர்கள் என்று ஆசிரியை விளக்கினார். காட்டை வெட்டிக் குடியேற அரசு நிலம் கொடுத்ததாம். நான் கையை உயர்த்தி, தெரிந்த சொற்களை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்து, "இவர்கள் எத்தனை மாதம் காத்திருந்தார்கள்?" என்று கேட்டேன். ஆசிரியைக்கு முதலில் புரியவில்லை. பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எத்தனை மாதமாகக் காத்திருக்கிறாய்?" என்று மெல்லக் கேட்டார். பத்தொன்பது மாதம் என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை பந்தின் மேலேயே இருந்தது. அம்புக்குறி மட்டும் திரையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

மொறட்டுவையான்

சுதன் தம்பி, நல்ல நினைவு. ஆனால் ஒரு திருத்தம். ஐகொன் கனடாவின் முதல் கணினி அல்ல. முதல் நுண்கணினி கூட அல்ல. 1973இலேயே மேர்ஸ் கட் என்பவரின் நிறுவனம் எம்.சி.எம்./70 என்ற சிறுகணினியைச் செய்து காட்டிவிட்டது. ஐகொனின் பெருமை வேறு. பள்ளிக்கூடத்துக்கு என்ன வேண்டும் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு செய்யப்பட்ட கணினி அது.

அந்நாளில் ஒரு பள்ளியில் அப்பிள், அடுத்ததில் கொமடோர். ஒன்றுக்கு எழுதிய பாடம் மற்றொன்றில் ஓடாது. ஒன்ராறியோக் கல்வி அமைச்சு 1983இல் ஒரு வரையறையை வெளியிட்டு, அதற்கு இணங்கிய கணினிகளை வாங்கும் பள்ளிச் சபைகளுக்கு மானியம் தந்தது. செம்கோர்ப் என்ற கூட்டமைப்பு அதற்காக உருவாக்கியதே ஐகொன். பரோஸ் நிறுவனம் தயாரித்தது. 1984இல் பள்ளிகளுக்கு வரத் தொடங்கியது. 1986இல் பரோஸ், ஸ்பெரியுடன் சேர்ந்து யுனிசிஸ் ஆனது. இன்டெல் 80186 செயலி. மேசைக் கணினிகளில் வட்டு கிடையாது. எல்லாம் லெக்சிகொன் என்ற ஒற்றைச் சேமிப்புக் கணினியிலிருந்து வலையமைப்பு வழியாக வரும். மாணவர் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் தம்முடைய கோப்புகளை எடுக்கலாம். இயக்கமுறைமை கியூ.என்.எக்ஸ். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த கோர்டன் பெல், டான் டொட்ஜ் என்ற இருவரின் ஆக்கம். பள்ளிப் பிள்ளைகளின் கையில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் இயக்கமுறைமையை அந்த ஆண்டுகளிலேயே கொடுத்தார்கள்!

நான் இதை மாணவனாக அறியவில்லை. 1990இல் ஒரு பள்ளியை இரவில் துப்புரவு செய்தேன். அதற்கு முன் மொறட்டுவையில் பொறியியல் படித்து, அட்டைகளில் துளையிட்டு ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதியவன். கணினி அறைக்குள் ஈரத்துணியோடு போவேன். ஓர் இரவு ஒரு திரையை அணைக்க மறந்திருந்தார்கள். பந்தைத் துடைத்தேன், திரையில் அம்புக்குறி ஓடியது. துணியை எடுத்தேன், நின்றது. மறுபடி துடைத்தேன். அந்த ஒரு பந்தை அன்று எவ்வளவு நேரம் துடைத்தேன் என்று தெரியாது. விசைகளைத் தொடவில்லை. தொட எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

மிசிசாகா ரவி

மொறட்டுவையான் அண்ணா, உங்கள் அனுபவத்தை வாசித்துத் தொண்டை அடைத்தது. ஆனால் ஐகொனைப் பற்றிய உங்கள் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அதில் நான்கு ஆண்டு படித்தேன். பள்ளி முடிந்து முதல் வேலைக்குப் போன அலுவலகத்தில் எல்லா மேசையிலும் ஐ.பி.எம். வகைக் கணினி. நான் கற்ற கட்டளை ஒன்றுமே அங்கே செல்லவில்லை. மேலாளர் முன்னால் விசைப்பலகையில் இல்லாத பந்தை என் வலது கை தேடியது. ஒரு மாகாணத்துக்கு வெளியே வாழாத கணினி பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் விடும்? 1994இல் அமைச்சே ஆதரவை நிறுத்திவிட்டது அல்லவா?

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆதரவை நிறுத்தியது கூடப் பரவாயில்லை. ஐகொன் மென்பொருளின் சேமிப்பையும் அழித்துவிட்டார்கள். கணினிகளிலும் பெரும்பாலானவை குப்பைக்குப் போயின. வாணி அக்கா சொன்ன பார்ட்லெட் கதையை இன்று பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தால் எங்கே போவது? ஆகவே இதை வாசிக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன். உங்கள் நிலவறையில், வாகனக் கொட்டிலில், பழைய பள்ளிப் பைகளில் தேடுங்கள். ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டு ஒன்று கிடைத்தாலும் எறிய வேண்டாம். ஓட்டிப் பார்க்கலாம் என்று கிடைத்த கணினியில் உடனே செருகவும் வேண்டாம். பூஞ்சை பிடித்திருந்தால் முதல் சுழற்சியிலேயே காந்தப் பூச்சு உரிந்துவிடும். வாசிக்கும் தலையும் பாழாகும். ஒலிபெருக்கி, காந்தம் பதித்த பைகள், ஈரச் சுவர் ஆகியவற்றிலிருந்து தள்ளி, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் பிய்க்காமல் படம் எடுங்கள். பழைய வட்டுகளைப் படியெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து முழு வட்டையும் அப்படியே ஒரே கோப்பாக எடுக்கச் சொல்லுங்கள். கோப்பு கோப்பாக எடுத்தால் வேறு இயக்கமுறைமையின் வட்டு என்பதால் ஒன்றும் தெரியாது. கணினியே கிடைத்தால் ஆளியைப் போட்டுப் பார்க்கும் ஆவலை அடக்குங்கள். மின்தேக்கிகள் பழையவை, வெடிக்கலாம். யோர்க் பல்கலைக்கழகத்தில் கனடாவின் கணினி வரலாற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அவர்களிடம் பேசுங்கள். வட்டு இல்லாதவர்கள் பயிற்சித் தாள்களையாவது தேடுங்கள். ஆசிரியர் கையால் எழுதிய குறிப்பு, படியெடுத்த கட்டளைப் பட்டியல், எதுவானாலும் சரி. தாள் முப்பது ஆண்டு தாங்கும். நெகிழ்வட்டை நம்ப முடியாது.

வாணி

ரவி தம்பி, ஐ.பி.எம்.மில் நீங்கள் கற்ற கட்டளைகளும் இன்று செல்லாது. அதற்காக அது வீண் என்று சொல்வீர்களா? பள்ளிக்கூடம் வேலைக்குப் பழக்கும் இடம் மட்டும்தான் என்றால் பார்ட்லெட் குடும்பத்தை ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். மாகாணத்துக்கு வெளியே வாழவில்லை என்பதும் முழுக்கச் சரியல்ல. ஐகொனில் ஓடிய கியூ.என்.எக்ஸ். வாழ்ந்தது. பிளாக்பெரி நிறுவனம் அதை 2010இல் வாங்கியது. இன்று கார்களுக்குள் ஓடுகிறது. வட்டுகளைப் பற்றிச் சொன்னதை மட்டும் தலைமேல் ஏற்றுக்கொள்கிறேன். அம்மாவின் கோப்பு இருக்கும் பெட்டியை நாளை இறக்கிப் பார்க்கிறேன்.

மொறட்டுவையான்

ரவி, உங்கள் கோபம் நியாயமானதே. அழித்ததை நினைத்தால் எனக்கும் ஆறவில்லை.

சுதன் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் போன நேரங்களில் கணினிகள் அணைந்திருக்கும். அன்று எரிந்த திரையும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஆளி போடும் நேரத்தில் நான் அங்கே இருந்ததே இல்லை. இரண்டு ஆண்டு ஒவ்வோர் இரவும் அவற்றைத் துடைத்தேன். அவை பேசும் என்று உங்கள் பதிவை வாசித்துத்தான் அறிகிறேன். அந்தக் குரல் எப்படி இருந்தது?

சுதன் (ஸ்காபரோ)

அண்ணா, ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. வெறும் தகரப் பேணிக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டால் முதலில் ஒரு சத்தமும் உடனே அதன் எதிரொலியும் வருமே, அந்த இரண்டும் சேர்ந்தது போல இருக்கும். முதல் எழுத்து நாக்கில் கொஞ்சம் தடுக்கும்: த்… டிக். உங்கள் தொலைபேசி எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். சித்தப்பாவுக்குச் செய்து காட்டியது போலவே உங்களுக்கும் செய்து காட்டுகிறேன்.