முன்பக்கம் அதிர்வும் சத்தமும் வந்து வந்து போகிறது: ஃபோர் வீல் டிரைவ் பிக்கப், தெரிந்தவர்கள் உதவுங்கள்

காசிமேடு பிக்கப்

வணக்கம். டீசல் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ், ஓடி 11 வருடம், 1,90,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முன்னால் ஆட்டோ லாக்கிங் ஹப், அதாவது முன்சக்கரத்தை ஆக்சிலோடு தானாகப் பிணைத்து விடும் பூட்டு. காசிமேட்டில் வலையும் போட் இன்ஜினும் ஏற்றி மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போவேன், திரும்பும்போது ஐஸ் போட்ட மீன் பெட்டி. அங்கே மணலில் இறங்கும்போது மட்டும்தான் 4H (நான்கு சக்கரமும் இழுக்கும்) போடுவேன், ரோட்டுக்கு வந்ததும் 2H (பின்சக்கரம் மட்டும்).

இரண்டு மாதமாக 65-ஐத் தாண்டினால் காலடித் தகடு கிர்ர் என்று அதிர்கிறது, முன்னால் இருந்து ஊ... ஊ... என்று ஏறி இறங்கும் ஒரு சத்தமும் கூடவே வருகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே 40-ல் ஊர்ந்து போகும்போது ஒன்றும் தெரியாது, மீஞ்சூரில் வெளிவட்டச் சாலை ஏறினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் தினமும் வராது. சில நாள் காலையில் 80 வரை போனாலும் அமைதியாக இருக்கும், சாயங்காலம் அதே ரோட்டில் வரும்.

நான்கு டயரும் பேலன்சிங் செய்தாகிவிட்டது, அலைன்மென்ட் இரண்டு முறை, வலது லோயர் பால் ஜாயின்ட் புதிது. போன இடத்தில் அடுத்து ஸ்டியரிங் பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள். அந்தச் செலவு இப்போது என்னால் முடியாது, அதனால்தான் கேட்கிறேன்.

எர்ணாவூர் டீசல்

தம்பி, முதலில் வீல் பேரிங்கைப் பாருங்கள். காலியான ரோட்டில் 60-ல் போய் ஸ்டியரிங்கை லேசாக இடது பக்கம் வளையுங்கள், எடை வலது சக்கரத்தின் மேல் விழும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங், எதிர்ப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடது. ஜாக்கி போட்டு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பாருங்கள். உப்புத் தண்ணீரில் இறங்குகிற வண்டிக்கு பேரிங் கிரீஸ் அதிக நாள் தாங்காது.

காசிமேடு பிக்கப்

இன்றைக்கே பார்த்துவிட்டேன் அண்ணா. வளைத்தால் சத்தத்தில் மாற்றம் இல்லை, சக்கரத்தில் ஆட்டமும் இல்லை. முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்ற சத்தமும் கிடையாது. ஓடும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலில் விட்டுப் பார்த்தேன், அப்போதும் அதே அதிர்வு.

மாதவரம் மெக்கானிக்

நியூட்ரலிலும் வருகிறது என்றால் இன்ஜினையும் கிளட்சையும் மறந்துவிடலாம். ஸ்டியரிங் கையில் குலுங்குகிறதா, காலடியிலும் சீட்டிலும் கிர்ர் என்கிறதா என்பது எனக்கு ரொம்ப முக்கியம், நீங்கள் காலடி என்கிறீர்கள். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 2.3 மீட்டர் போகும், 70-ல் அது நொடிக்கு எட்டு, எட்டரை சுற்று. டயரில் கோளாறு என்றால் அந்த வேகத்தில்தான் குலுக்கும், கையில் எண்ணிவிடலாம் போல இருக்கும். கியர் பக்கத்தில் இருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு, அதுதான் புரப்பல்லர் ஷாப்ட், டயரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு சுற்றும், நொடிக்கு 30-க்கு மேல். அதுதான் கிர்ர் என்று தரையில் ஏறுகிறது.

2H-ல் ஹப் விட்டுவிட்டால் முன் ஷாப்ட் சும்மா நிற்க வேண்டும். உங்கள் வண்டியில் ஏதோ ஒரு ஹப் மணலில் பிடித்தது ரோட்டுக்கு வந்தும் விடாமல் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் எதிர்ப்பக்க ஆக்சில் தலைகீழாகச் சுற்றலாம், இல்லையென்றால் ஷாப்ட் சுற்றலாம், எது லேசாக இருக்கிறதோ அது சுற்றும். வந்து வந்து போவதற்கு அதுவே போதும்.

ஒரு கேள்வி. சத்தம் வராத நாளில், முந்தின ராத்திரி வண்டியை எப்படி நிறுத்தினீர்கள்?

காசிமேடு பிக்கப்

அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்லை. வீடு தண்டையார்பேட்டையில் ஒரு முட்டுச்சந்து, அங்கே நிறுத்தும் நாளில் தெருமுனையில் இருந்து வாசல் வரை ரிவர்ஸில்தான் போக முடியும். லோடு இருந்தால் துறைமுகத்து வாசலிலேயே நேராக விட்டுவிடுவேன். இப்போது நினைத்துப் பார்த்தால், வீட்டில் நிறுத்திய மறுநாள் காலையில்தான் சத்தம் இருப்பதில்லை!

மாதவரம் மெக்கானிக்

அப்படியென்றால் ஏறக்குறைய பிடித்துவிட்டோம். இந்த வகை ஹப் 2H-க்கு மாற்றிவிட்டுக் கொஞ்சம் பின்னால் எடுத்தால்தான் விடும். நல்ல ஹப்புக்கு ஒன்றிரண்டு மீட்டர் போதும், உங்களுடையதற்கு ஒரு தெரு முழுக்கத் தேவைப்படுகிறது.

மணலுக்குப் போய் வந்ததும், ரிவர்ஸ் எடுக்காமல், பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டு மேல் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள். 2H-ல் ஒவ்வொரு சக்கரமாகக் கையால் முன்பக்கமாகச் சுற்றுங்கள். எந்தப் பக்கம் ஆக்சிலும் சேர்ந்து சுற்றுகிறதோ அந்த ஹப்தான் விடவில்லை.

ஆனால் ஹப் பிடித்ததால் மட்டும் இவ்வளவு அதிர்வு வராது, ஷாப்ட்டிலும் ஏதோ இருக்கிறது. இரண்டு முனையிலும் பிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) என்றால் நான்கு நான்கு போல்ட்தான். கழற்றும் முன் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஷாப்ட் இல்லாமல் 2H-ல் ஒரு சுற்று போய்ப் பாருங்கள்.

காசிமேடு பிக்கப்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. வலது ஹப் விடவில்லை, இடது சரியாக இருக்கிறது. ஷாப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு மீஞ்சூர் வரை போனேன், 85-ல் கூட சத்தம் இல்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு வண்டிக்குள் ரேடியோ பாட்டு கேட்டது.

ஷாப்ட்டின் டிஃபரன்ஷியல் பக்கத்து கிராஸை (ஷாப்ட் மடங்கும் மூட்டு) மடக்கினால் வழவழப்பாக வராமல் இடம் இடமாக நின்று வருகிறது. கப்பைத் தட்டி எடுத்தபோது உள்ளே கிரீஸே இல்லை, மிளகாய்த்தூள் மாதிரி சிவப்புத் துரு கொட்டியது, பேரிங் ஊசிகளில் பாதி தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாக இருந்தன. இன்னொன்று, நடுவில் நீண்டு சுருங்கும் ஸ்ப்லைன் இருக்கிறதே, அதற்கு இரண்டு பக்கமும் உள்ள யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே நேரில் இல்லை, கொஞ்சம் திரும்பி இருக்கிறது. அது சரிதானா?

மாதவரம் மெக்கானிக்

சரியில்லை தம்பி. இரண்டு யோக்கும் ஒரே நேரில் இருந்தால்தான் ஒரு கிராஸில் வரும் வேக ஏற்ற இறக்கத்தை இன்னொரு கிராஸ் சமன் செய்யும். திரும்பி இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதறும். யாராவது கிரீஸ் வைக்கக் கழற்றினார்களா?

காசிமேடு பிக்கப்

ஆமாம், சத்தம் ஆரம்பிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு பட்டறையில் கழற்றி மாட்டினார்கள். கோடு எதுவும் போட்டதாகத் தெரியவில்லை.

எர்ணாவூர் டீசல்

கிராஸ் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அதைப் பழைய சாமான் என்று புதுப்பேட்டையில் தேட வேண்டாம், ஜி.பி. ரோட்டில் புதிதாகவே வாங்குங்கள். ஹப் மட்டும் புதுப்பேட்டையில் நல்லதாகக் கிடைத்தால் எடுக்கலாம், ஆனால் முதலில் உங்களுடையதைத் திறந்து கழுவிப் பாருங்கள்.

காசிமேடு பிக்கப்

புது கிராஸ் இரண்டும் போட்டு, யோக்கை நேர் செய்து மாட்டியாகிவிட்டது. வலது ஹப்பைத் திறந்தால் உள்ளே கிரீஸ் கெட்டியாகிக் கறுத்த மெழுகு போல அப்பிக் கிடந்தது, மணலும் கலந்திருந்தது. டீசலில் கழுவி, துடைத்துக் காயவைத்து மூடினேன். மூன்று முறை பழவேற்காடு போய் வந்துவிட்டேன், மணலில் இருந்து ஏறியதும் ஒரு வண்டி நீளம் பின்னால் எடுத்துவிட்டுக் கிளம்புகிறேன், 80-ல் அமைதி. ஸ்டியரிங் பாக்ஸைத் தொடவே இல்லை. இரண்டு அண்ணன்களுக்கும் மனதார நன்றி. ஹப்புக்குள் எவ்வளவு கிரீஸ் வைக்க வேண்டும்?

மாதவரம் மெக்கானிக்

விரலால் மெல்லியதாகத் தடவினால் போதும், பேரிங்குக்கு அடைப்பது போல அடைத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள், உப்புத் தண்ணீர் உள்ளே போகிற வழி அதுதான்.