மதராஸ் சிப்பாய்களின் நிறம்: 15 மி.மீ. உருவங்களோடு என் முதல் ஆறு மாதம்

1799இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் மதராஸ் சிப்பாய்கள், நாமே வண்ணம் பூசிக்கொள்ளும் மொத்தம் 24 உலோக உருவங்கள். இவற்றைத்தான் முதன்முதலில் வாங்கினேன். 15 மி.மீ. என்பது பாதத்திலிருந்து கண் வரைக்குமான அளவு. முகம் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

பெட்டி வந்த அன்றே எட்டுப் பேருக்கு வண்ணம் பூசிவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒருவனைத் துப்பாக்கியைப் பிடித்துத் தூக்கினேன். தோளிலிருந்த சிவப்பு, வெயிலில் வெந்த தோல் போல உரிந்து வந்தது. வார்ப்பு அச்சிலிருந்து உருவம் சுலபமாகக் கழல்வதற்காகப் பூசும் பொடி அதன் மேலேயே தங்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் போதும். அதற்கு முன்பு சிறிய அரத்தால் அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோட்டையும் பிசிர்களையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பழைய வார்ப்புகளில் ஈயம் கலந்திருக்கும். ஆகவே முகமூடி அணிந்து, ஈரத்துணி விரித்துத்தான் அரம் போடுகிறேன். முடிந்ததும் கையைக் கழுவாமல் எதையும் தொடுவதில்லை.

ஐப்பசி மழையில் மொட்டைமாடியில் ப்ரைமரை, அதாவது வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சை, ஸ்பிரே அடித்த கதையும் உண்டு. ஈரக்காற்றில் அது ரவை தூவியதுபோலப் பொரிந்துவிட்டது. இப்போது பிரஷ்ஷால் பூசும் ப்ரைமர்தான்.

பிரஷ் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சின்ன உருவத்துக்குச் சின்ன பிரஷ் என்று நினைத்து 000 எண் வாங்கினேன். வண்ணம் முனையிலேயே காய்ந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய 1ஆம் எண் பிரஷ்ஷில், முனை மட்டும் கூர்மையாக இருந்தால், வண்ணமும் தாங்கும், கோடும் சீராக விழும். சட்டைச் சிவப்பைக் கறுப்புப் ப்ரைமர் மேல் நேராகப் பூசினால் மூன்று கை போட்டாலும் மங்கித்தான் தெரியும். அடியில் செங்காவி ஒரு கை பூசிய பிறகு சிவப்பு நன்றாக எடுத்துக் கொடுத்தது.

என்னை அதிக நாள் உட்காரவைத்தது தோல் நிறம். மதராஸ் சிப்பாய்கள் அணிந்தது வெள்ளை அரைக்கால் சட்டை. தொடைக்குக் கீழே வெறுங்கால். முகம், கை, கால் என்று உருவத்தில் பெரும்பகுதி தோல்தான். ‘சதை நிறம்’ என்று ஒட்டிய புட்டியைத் திறந்து பூசினேன். வரிசையாக நின்றவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள்! என் தாத்தாவின் ஊர்க்காரர்களாக இருந்திருக்கக்கூடிய மனிதர்களை இப்படி விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை.

கரும்பழுப்பில் துளி மஞ்சள் கலந்து அடிவண்ணம். அதிலேயே கொஞ்சம் காவியும் இன்னும் சிறிது மஞ்சளும் சேர்த்து முழங்கால், மூக்கு, கன்னம், புறங்கை. வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலக்காதீர்கள். கறுத்த தோல் சாம்பல் பூத்துவிடும். இவ்வளவு சிறிய உருவத்தில் நிழல் தானாக விழாது என்பதால் வெளிச்சத்தை உண்மையைவிட ஒரு படி தூக்கியே வைக்க வேண்டும். ஒரே நிறத்தில் எல்லோரையும் முடிக்காமல் மூன்று கலவைகள் வைத்துக்கொண்டேன். தெலுங்கரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து நின்ற படை அது.

முற்றுகை முடிந்து ஆறு ஆண்டுகளில், 1805இல், இதே படைக்கு ஓர் உத்தரவு வந்தது: சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி கூடாது. கட்டாயமாக்கிய புதிய தலைப்பாகையும் சேர்ந்துகொள்ள, 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. வண்ணம் பூசும் மேஜையில் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி வரிசையில் நிற்கும் ஒருவனை மட்டும் எடுத்து, நெற்றியில் வெள்ளையால் ஒரு கோடு இழுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு நான்கு முறை முயன்றேன். ஐந்தாவது முறை சரியாக விழுந்தது. வார்னிஷ் பூசிவிட்டேன்.