படம் திருத்த மொனிற்றர் எடுக்கிற ஆக்களுக்கு: யாழ்ப்பாணத்து அனுபவப் பகிர்வு

திருநெல்வேலியிலிருந்து

கலியாண அல்பம் படம் அச்சடிக்கிற லாப்பிலிருந்து இருண்டு வந்தால் எல்லாரும் முதலில் லாப்காரரைத்தான் பேசுவினம். பெரும்பாலும் பிழை மேசையில் இருக்கிற மொனிற்றரில். பெட்டியால் எடுத்தவுடன் அது 250, 300 நிற்ஸில் எரியும் (நிற்ஸ் எண்டது திரை வெளிச்சத்தின் அளவு). தாளுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. 300 நிற்ஸில் முகம் அளவாகத் தெரியுதெண்டு நிப்பாட்டின படம் தாளில் கட்டாயம் இருளும். 100 இலிருந்து 120 நிற்ஸுக்குள் இறக்குங்கோ. பல மொனிற்றர்களில் பிறைற்னஸை 20, 30 அளவுக்குக் கொண்டுவந்தால்தான் அது வரும். முதலில் மங்கலாக இருக்கும், கண் பழகிவிடும்.

அளக்கிற கருவி இல்லாத ஆக்கள் ஒரு படத்தை லாப்பில் தானியங்கித் திருத்தம் போடாமல் அடிச்சுத் தரச் சொல்லுங்கோ. நேர் வெயில் படாத யன்னல் வெளிச்சத்தில் அதை மொனிற்றருக்குப் பக்கத்தில் பிடிச்சு, திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, தாளின் வெள்ளையும் திரையின் வெள்ளையும் ஒத்துவரும்வரை இறக்கவேணும்.

சுன்னாகத்திலிருந்து

வெளிச்சத்தை இறக்கலாம், பனலை, அதாவது படம் தெரிகிற திரைப் பலகையை, மாற்றேலாது. அதால் வாங்கேக்க பனலைப் பாருங்கோ. பொதுவாக டிஎன், விஏ, ஐபிஎஸ் எண்டு வகைகள் வரும். டிஎன் பனலில் தலையைக் கொஞ்சம் உயர்த்தினாலே நிறம் மாறும். விஏ பனலில் கறுப்பு நல்லாயிருக்கும், ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் கூந்தலின் நிழல் விபரம் மாறித் தெரியும். ஐபிஎஸ்தான் எடுக்கவேணும்.

ஆனால் ஐபிஎஸ் எண்ட ஸ்டிக்கரை மட்டும் நம்பவேண்டாம். 45% என்டிஎஸ்சி (நிற வீச்சைச் சொல்லுற ஒரு பழைய அளவுகோல்) எண்டு போட்டிருக்கிற ஐபிஎஸ் பனல்களும் இருக்கு, மலிவு லப்டொப்புகளில் கூடுதல். அவை எஸ்ஆர்ஜிபி (பொதுவாகப் பாவிக்கிற நிறத் தொகுதி) நிறங்களில் மூன்றில் இரண்டு பங்களவைத்தான் காட்டும். அதில் கூறையின் அரக்குச் சிவப்பு சோர்ந்து தெரியும். திருத்துகிறவர் சற்றுரேஷனை, அதாவது நிறச் செறிவை, கூட்டுவார். தாளில் சிவப்பு ஒரே பூச்சாக வந்து கொசுவ மடிப்பே அழிஞ்சுபோகும். எஸ்ஆர்ஜிபி 99, 100% எண்டும், டெல்டா ஈ (நிறப் பிழையின் அளவு) 2 இற்குக் கீழ் எண்டும் தயாரிப்பாளரின் விபரத்தாளில் இருக்கவேணும். அசுஸ் புரோஆர்ட் பிஏ248கியூவி, டெல் அல்ட்ராஷார்ப் வரிசை போன்றவை இந்தத் தரத்தில் வருகிறவை.

கடையில் நிண்டபடி செய்யக்கூடிய சோதனை: பென்டிரைவில் முழுச் சாம்பல் படம் ஒண்டும் முழுக் கறுப்புப் படம் ஒண்டும் கொண்டுபோங்கோ. சாம்பலில் ஒரு மூலை மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். கறுப்பில் ஒளிப்புள்ளி நிண்டால் அதுவும் வேண்டாம்.

கோண்டாவிலிலிருந்து

அப்ப 99% அடோபி ஆர்ஜிபி (எஸ்ஆர்ஜிபியை விடப் பரந்த நிறத் தொகுதி) எண்டு விக்கிறதுகள் கூடுதல் நல்லதில்லையோ அண்ணை?

சுன்னாகத்திலிருந்து

லாப் எஸ்ஆர்ஜிபி கோப்புத்தான் கேட்குதெண்டால் தம்பிக்கு அந்தக் காசு வீண். நிறமுகாமை (படத்தின் நிறத்தை மொனிற்றருக்கு ஏற்ப மாற்றிக் காட்டுற வசதி) இல்லாத மென்பொருளில் அந்த மொனிற்றர் தோலைச் செக்கச்செவேலெண்டு காட்டும், அதைக் குறைக்கப்போய் அல்பத்தில் முகம் வெளிறும். சொந்தமாகப் பிக்மென்ற் மையில் அச்சடிக்கிற ஆக்களுக்குத்தான் அது பிரயோசனம். பென்கியூ எஸ்டபிள்யூ, ஐஸோ கலர்எட்ஜ் மொனிற்றர்களில், கருவியால் அளந்து செய்யிற நிறத் திருத்தம் மொனிற்றருக்குள்ளேயே பதியும், அது பெரிய வசதி. எஸ்ஆர்ஜிபி மோட்டில் பிறைற்னஸ் பூட்டுப்படுதோ எண்டு கடையிலேயே பாருங்கோ. சிலதில் மாத்தவே விடாது.

மானிப்பாயிலிருந்து

மிச்சக் காசைக் கலரிமீற்றரில், அதாவது திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கிற கருவியில், போடுங்கோ. மூண்டு நாலு ஸ்ரூடியோ சேர்ந்து ஒண்டை வாங்கிச் சுழற்றினாலும் போதும், மாதம் ஒருக்கா அளந்தால் சரி. அதோட பாவிக்கிற டிஸ்பிளேகால் இலவச மென்பொருள்.

அளக்க முன்னம் மொனிற்றர் 30 நிமிடம் எரிஞ்சு சூடேறவேணும். டைனமிக் கொன்ட்ராஸ்ற், கண் பாதுகாப்பு மோட், விண்டோஸ் நைற் லைற் எல்லாம் நிப்பாட்டவேணும். எச்டிஎம்ஐ இணைப்பெண்டால் கிராபிக்ஸ் அமைப்பில் வீச்சு முழுமையாக, 0 (கறுப்பு) இலிருந்து 255 (வெள்ளை) வரை இருக்கோ எண்டு பாருங்கோ. 16 இலிருந்து 235 எண்டு கிடந்தால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். இலக்கு: வெண்மை 6500 கெல்வின், காமா (இடைச்சாயல்களின் வெளிச்ச அளவு) 2.2, வெளிச்சம் 120 நிற்ஸ். மென்பொருளில் உங்கட பனலின் பின்வெளிச்ச வகைக்குரிய திருத்தத்தைத் தெரிவுசெய்ய மறக்கவேண்டாம். பிழையானதைத் தெரிஞ்சால் வெள்ளையில் பச்சையோ ஊதாவோ ஏறும். அளந்தபிறகு பிறைற்னஸ் பொத்தானைத் தொட்டால் அந்த புரொபைலால் (அளந்து பதிஞ்ச நிறக் கோப்பால்) பயனில்லை.

ஒரு சின்னச் சோதனை: 250 உம் 255 உம் பக்கத்தில் பக்கத்தில் வைச்ச வெள்ளைக் கட்டங்கள் வேறுவேறாகத் தெரியவேணும். தெரியாட்டி கொன்ட்ராஸ்ற் கூடிக்கிடக்கு. நல்லூர்த் தேர்ப் படத்தில் வெள்ளை வேட்டியின் மடிப்பு இருக்கோ, எரிஞ்சுபோச்சோ எண்டு உங்களுக்குத் தெரியவராது.

பருத்தித்துறையிலிருந்து

அளவைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. 24 அங்குலத்துக்கு 1920க்கு 1080 புள்ளி போதும், அங்குலத்துக்கு 92 புள்ளி வரும். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகக் குறையும். 27 எடுக்கிறதெண்டால் 2560க்கு 1440 எடுங்கோ.

அறையும் முக்கியம். எங்கட பக்கத்தில் சுவருக்குக் கிளிப்பச்சையும் றோஸும் அடிக்கிற வழக்கம் இருக்கு. அந்த நிறம் திரையிலும் கண்ணிலும் ஏறும். மொனிற்றருக்குப் பின்சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் மட்டுமாவது சாம்பலோ வெள்ளையோ பூசுங்கோ. மேற்கு யன்னலுக்குத் தடிப்பான திரைச்சீலை வேணும், பின்னேர வெயில் அடிக்கேக்க திருத்தின படமும் இரவில் திருத்தின படமும் ஒண்டாக வராது. கடற்கரைப் பக்கத்து ஆக்கள் உப்புப் படிஞ்ச திரையை உலர்ந்த துணியால் தேய்க்கவேண்டாம், கீறல் விழும். மைக்ரோஃபைபர் துணியைக் காய்ச்சி வடிச்ச தண்ணியில் லேசாக நனைச்சுத் துடையுங்கோ, திரையில் நேராகத் தெளிக்காமல்.