எந்த ஏஜென்சின்னே தெரியாம ஃபார்ம் 95 (அமெரிக்க மத்திய அரசு ஏஜென்சிகிட்ட நஷ்டஈடு கேட்குற ஃபார்ம்) எங்க அனுப்புறது?

நாங்க கலிபோர்னியால சான் ஓசே. பிப்ரவரில பார்க்கிங் லாட்ல முகமூடி போட்ட ஆளுங்க எங்க அண்ணனை கீழ தள்ளி விலங்கு மாட்டி, கிரீன் கார்டை பாத்துட்டு விட்டுட்டாங்க, மணிக்கட்டு எலும்புல விரிசல். வெஸ்ட்ல 'போலீஸ்'னு மட்டும் இருந்துச்சு, பேரு பேட்ஜ் நம்பர் எதுவும் இல்ல. 2025 செப்டம்பர்ல கவர்னர் நியூசம் கையெழுத்து போட்ட எஸ்பி 805ங்கற மாநில சட்டம் ஏஜென்சி பேரையும், ஆளோட பேரு இல்லன்னா பேட்ஜ் நம்பரையும் காட்டணும்னுதான் சொல்லுது, ஆனா மத்திய அரசு அதை எதிர்த்து கேஸ் போட்டிருக்கு.

சிட்டி போலீஸ்ல கேட்டோம், அவங்க ஆளுங்க இல்லையாம். எஃப்ஓஐஏ (அரசுகிட்ட தகவல் கேட்குற மனு) போட்டா ரெக்கார்டே இல்லன்னு பதில். கடைக்காரர் கேமரா வீடியோ குடுத்தாரு, வண்டி நம்பர் பாதிதான் தெரியுது. நஷ்டஈடு கேட்க 2 வருஷம்தான் டைம், ஃபார்ம்ல முதல் கட்டமே ஏஜென்சி பேரு. உறுதியா தெரியாதப்போ சந்தேகப்படுற எல்லா ஏஜென்சிக்கும் தனித்தனியா அனுப்பலாமா, யாராவது அப்படி பண்ணிருக்கீங்களா?