பழைய டீசல் வண்டியில் பம்ப் (டீசலை அழுத்தி அனுப்புவது), நாசில் (அதை என்ஜினுக்குள் பீய்ச்சுவது) மாற்றினவங்க, எங்கே மாட்டிக்கிட்டீங்க?

ரோட்டரி ராசா
ஐசுசு டீசல் என்ஜின் அம்பாசடர். ரோட்டரி பம்ப் (ஒரே பிஸ்டன் சுத்திச் சுத்தி நாலு பைப்புக்கும் டீசல் அனுப்புற வகை), நாலு நாசில், நாலு பைப், எல்லாம் புதுசு. டைமிங் (டீசல் பீய்ச்சுற நேரம்) சரி, பைப்புக்குள்ள இருந்த ஏர் எடுத்தாச்சு. செல்ஃப் அடிச்சதும் பிடிச்சுது, ஐடிலிங்கும் பரவாயில்லை. ஆக்சிலேட்டரை மிதிச்சா மட்டும் வெள்ளைப் புகையோட மூச்சுத் திணறி நின்னுடும். ரெண்டு நாள் டைமிங்கை நோண்டினது வீண்.

கோளாறு பேஞ்சோ போல்ட்டில் (பைப்பை பம்போட இணைக்கிற, நடுவுல துளை உள்ள போல்ட்). டீசல் உள்ளே வர்ற போல்ட்டும் ரிட்டர்ன் போல்ட்டும் வெளியே பார்க்க ரெட்டைப் பிள்ளைங்க. ரிட்டர்ன் போல்ட் தலையில 'அவுட்'னு குத்தியிருக்கும், உள்ளே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் துளை. அந்தத் துளைதான் பம்ப் உடம்புக்குள்ள பிரஷரைத் தேக்குது. அந்தப் பிரஷர்தான் வேகம் ஏற ஏற டைமிங்கை முன்னே தள்ளுது. ரெண்டும் இடம் மாறினா வர்ற பக்கம் தொண்டை அடைப்பு, போற பக்கம் மடை திறந்தாச்சு. கழற்றி டார்ச் வெளிச்சத்துல பிடிச்சா, உள்ளே வர்ற பக்கம் மாட்டியிருந்த போல்ட்டில் குண்டூசி முனை அளவு ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி இன்னும் கண்ணை விட்டுப் போகலை.

கரும்புகை
மஹிந்திரா ஜீப், இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன் என்று வரிசையாக உள்ள வகை). கிராங்க் புல்லி குறி டாப்பில் (முதல் பிஸ்டன் உச்சியில்), பம்ப் கப்ளிங் குறி நேர்க்கு நேர், பழைய கோட்டுக்குக் கோடு பார்த்து மாட்டியாச்சு. செல்ஃப் அடிச்சா சைலன்சரில் வெள்ளையாக ஆவி வருகிறதே தவிர, ஒரு வெடிகூட இல்லை. நாசில் பக்கம் யூனியன் நட்டைத் தளர்த்தினால் நாலிலும் டீசல் நன்றாகத் துள்ளுகிறது. அப்படியானால் ஏர் லாக் இல்லை.

டேப்பெட் கவரைத் திறந்ததும் விடை கிடைத்தது. முதல் சிலிண்டரின் ரெண்டு வால்வும் ஆடிக்கொண்டிருந்தன, ஒன்று மூட மற்றது திறக்க. அதாவது கம்ப்ரஷன் டாப்பில் இருந்தது நாலாவது சிலிண்டர். கிராங்க் ரெண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்று. புல்லி குறியை மட்டும் நம்பினால் பாதிக்குப் பாதி தப்பும். நாலாவதின் வால்வு ஆட வேண்டும், முதலாவதின் ராக்கர் ரெண்டும் லூஸாக இருக்க வேண்டும். பிறகு பம்பைத் தொடுங்கள்.

எஃப்ஐபி பெஞ்ச்
நாலாவது சிலிண்டர் விஷயம் சரி. 'பழைய கோட்டுக்குக் கோடு' என்பதை ஒப்புக்கொள்ள முடியாது, கரும்புகை. அதே பம்பைக் கழற்றி அதையே மாட்டினால்தான் அந்தக் கோட்டுக்கு மதிப்பு. வேறு பம்ப் வந்தால் கோடு சும்மா ஒரு கீறல்.

இன்லைன் பம்ப் என்றால் ஸ்பில் டைமிங் பார்க்க வேண்டும். முதல் டெலிவரி வால்வு ஹோல்டரை (பம்பில் முதல் நாசில் பைப் மாட்டும் இடம்) கழற்றி, வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து சுத்தமான டீசலில் போட்டுவிட்டு, ஹோல்டரை மட்டும் திரும்ப மாட்டி, மேலே வளைந்த குழாய். ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) ஃபுல் டெலிவரியில் இருக்கட்டும். ஸ்டாப் லீவர் இழுபட்டிருந்தால் பார்ப்பது எல்லாம் பொய். உயரத்தில் வைத்த டப்பாவிலிருந்து டீசல் இறங்கட்டும். என்ஜினை ஓடும் திசையில் கையால் மெல்லத் திருப்பினால் ஒழுக்கு சொட்டாகி, சொட்டும் நிற்கும். நிற்கிற இடம்தான் இன்ஜெக்ஷன் தொடக்கம். அங்கே ஃபிளைவீல் குறி மேனுவல் சொல்லும் டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரோட்டரி பம்புக்கு டயல் கேஜ் (முள் காட்டும் நுண் அளவுகோல்). நாலு பைப்புக்கும் நடுவில் உள்ள பிளக்கைக் கழற்றி கேஜை இறக்கி, முள் அசையாத இடம்வரை என்ஜினைப் பின்னால் திருப்பி ஜீரோ வைத்து, முன்னால் டாப் குறிக்குக் கொண்டுவந்து அளவைப் படிக்க வேண்டும். கோல்டு ஸ்டார்ட் லீவரை (குளிர்ந்த என்ஜினுக்காக டைமிங்கை முன்னே தள்ளுவது) தளர்த்தாமல் படித்தால் அளவு தப்பும். பம்ப் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராகப் பம்ப் உடம்பைத் திருப்பினால் டைமிங் முன்னேறும், அதே திசையில் திருப்பினால் பின்தங்கும்.

பதினேழாம் நம்பர்
நம்ம கேஸ் சின்னது. மூணாவது நாசில் ஓரத்துல 'புஸ் புஸ்'னு கம்ப்ரஷன் லீக். எவ்வளவு இறுக்கியும் நிக்கலை. பழைய காப்பர் வாஷர் கரி பிடிச்சு குழிக்குள்ளேயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, அது மேலயே புதுசு உக்காந்திருக்கு. நாலு வாஷர் கைக்கு வந்துச்சான்னு எண்ணிட்டு அப்புறம் புதுசைப் போடுங்க.

பழைய இரும்பு
இங்கே வந்த வண்டியில் புது நாசில் மாட்டி மூணே வாரத்தில் கரும்புகை. நாசிலைக் கழற்றினால் ஊசி ஒட்டியிருக்கிறது, டேங்க் துரு. அவ்வளவுதான் கதை.

இப்போது யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். முதலில் டேங்க்கை இறக்கிக் கழுவுங்கள், அப்புறம் பம்ப் வாங்குங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி மாதிரித் தெரியும் டீசல் டியூப் ஒரு அடி போட்டு வையுங்கள். குமிழி ஓடினால் காற்று ஃபில்டர் பக்கமிருந்தோ டேங்க் பக்கமிருந்தோ வருகிறது என்று அர்த்தம், பம்பைத் திட்ட வேண்டாம். ஏர் எடுக்கும்போது வரிசை தவறக்கூடாது: ஃபில்டர் பிளீட் ஸ்க்ரூ, பம்ப் பிளீட் ஸ்க்ரூ, கடைசியில் நாசில் யூனியன். செல்ஃபை ஒரு மூச்சில் பத்து பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், மோட்டார் கருகும். ஹோஸ் வாய்க்குப் பிளாஸ்டிக் மூடி போடுங்கள். காட்டன் வேஸ்ட்டைத் திணித்தால் அதன் நூலே நாசிலில் போய் நிற்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததிலிருந்து டீசலில் கந்தகம் 50-லிருந்து 10 பிபிஎம்முக்கு இறங்கிவிட்டது. பழைய பம்பை மறுபடி கட்டினால் ரப்பர் சீலை வைட்டனாக (டீசலைத் தாங்கும் செயற்கை ரப்பர்) போடுங்கள். வழவழப்புக்கு, டேங்க்குக்கு ஒரு மூடி 2டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) ஊற்றலாம்.

எஃப்ஐபி பெஞ்ச்
2டி ஆயில் வேண்டாம் சார். கந்தகம் குறைந்ததால் போகும் வழவழப்பை ஈடுகட்ட சுத்திகரிப்பு ஆலையிலேயே மருந்து கலந்துதான் வருகிறது.

பழைய இரும்பு
உங்கள் பெஞ்ச்சில் ஓடுகிற பம்ப் வேறு, முப்பது வருஷம் மண்ணில் ஓடின பம்ப் வேறு.

பதினேழாம் நம்பர்
சண்டை அப்புறம். நாசிலை வெளியே வெச்சு ஸ்பிரே பார்க்கிறவங்க கையை முன்னால நீட்டாதீங்க. ஐடிஐ என்ஜின் (இன்டைரக்ட் இன்ஜெக்ஷன், தனிச் சின்ன அறையில டீசல் பீய்ச்சுற வகை) நாசில் நூறு பார் பிரஷருக்கு மேலதான் திறக்கும். அந்தத் தாரை தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே முள் குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிக்காமலும் இருக்கும். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

ரோட்டரி ராசா
இன்னொண்ணு விட்டுப்போச்சு. ரோட்டரி பம்ப் தலையில ஸ்டாப் சாலினாய்டு (கீ போட்டா டீசலுக்கு வழி திறக்கிற கரண்ட் வால்வு) ஒயர் மாட்டலைன்னா என்ன ஏர் எடுத்தாலும் நாசில்ல ஒரு சொட்டு வராது. கீ போட்டதும் 'டக்'குன்னு சத்தம் கேக்குதான்னு காதை வெச்சுப் பாருங்க.