ஆதியாகமம் 3ஐ இளையோருக்கு நடத்துவது எப்படி? ஏவாள், பழி, ஜென்மபாவம்

பிரிக்பீல்ட்ஸ்_தீமோ:

அனைவருக்கும் வணக்கம். லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால) நாள்களில் இளையோருக்கு ஒன்றரை மணி நேர வேதபாடம் நடத்த வேண்டும். படிவம் 2 முதல் படிவம் 5 வரை (14 முதல் 17 வயது) சுமார் 20 பேர் வருவார்கள். லுத்தரன், மெத்தடிஸ்ட், கத்தோலிக்கப் பிள்ளைகள் எல்லாம் கலந்துதான். பாதிப் பேர் மலாய் வழித் தேசியப் பள்ளிப் பிள்ளைகள்; தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிப்பது எழுத்துக்கூட்டித்தான்.

பகுதி ஆதியாகமம் 3. எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது? "பொம்பளையாலதான் எல்லாம் கெட்டுச்சு" என்று பின்வரிசையில் ஒரு பையன் கண்டிப்பாகச் சொல்வான், அதோடு பெண்பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். அதற்கு வசனத்துக்குள்ளிருந்தே பதில் வேண்டும். ஜென்மபாவத்தை (ஆதாமிடமிருந்து பிறப்பிலேயே எல்லாருக்கும் வருவதாகச் சொல்லும் பாவத்தை) மூன்று சபைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எவ்வளவு தூரம் தொடலாம்? கையால் செய்யக்கூடிய வேலை ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்_ரூத்:

தீமோ தம்பி, 3:1இல் தொடங்காதீர்கள். 2:4 முதல் 3:24 வரை ஒரே கதை, மொத்தம் 46 வசனம். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, அதற்காகக் கதையை நடுவில் வெட்ட வேண்டியதில்லை. வெட்டினால் என்ன ஆகும் தெரியுமா? கட்டளை யாரிடம் சொல்லப்பட்டது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும். 2:16-17இல் ஆண்டவர் ஆதாமிடம் சொல்கிறார். பெண் உருவாவது 2:22இல். அவள் அந்தக் கட்டளையைக் கடவுளிடமிருந்து நேரடியாகக் கேட்டதாக எங்கேயும் எழுதப்படவில்லை. 3:3இல் அவள் "தொடவும் வேண்டாம்" என்று ஒன்றைக் கூட்டிச் சொல்கிறாள். அவளே கூட்டினாளா, ஆதாம் அப்படிச் சொல்லிக் கொடுத்தானா? வசனம் சொல்லவில்லை. அங்கே நிறுத்திப் பிள்ளைகளிடமே கேளுங்கள், பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வாசிப்பை ஐந்து குரலாகப் பிரியுங்கள்: கதை சொல்பவர், ஆண்டவர், பாம்பு, பெண், ஆண். கதை சொல்பவருக்குத்தான் வரி அதிகம். அதைச் சரளமாக வாசிக்கும் இருவருக்குப் பகிர்ந்துவிடுங்கள். பாம்பு பேசுவது இரண்டே இடம் (3:1, 3:4-5). பெண்ணும் இரண்டு இடம்தான் (3:2-3, 3:13). எழுத்துக்கூட்டும் பிள்ளைகளுக்கு இவற்றைக் கொடுத்தால் கூச்சம் இல்லாமல் சமாளிப்பார்கள். ஸ்திரீ, சர்ப்பம், விருட்சம், புசித்தான் போன்ற சொற்களுக்குப் பலகையில் முதலிலேயே பொருள் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் வாசிப்பு பாதியில் நின்று நின்று போகும், பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது இருபதாகும்.

2:25இல், இருவரும் நிர்வாணமாய் இருந்தும் வெட்கப்படவில்லை என்ற இடத்தில், சிரிப்பு வரும். அதட்டாதீர்கள். சிரித்து முடித்ததும் 3:7ஐ வாசிக்கச் சொல்லுங்கள். அதே உடம்பு, அதே தோட்டம், ஆனால் இப்போது இலை தேடுகிறார்கள். கபடமற்ற நிலை போய்விட்டது என்பதை வசனம் காட்டுவது இப்படித்தான், விளக்கவுரை கிடையாது. கண் திறந்ததும் முதல் பலனாக வந்தவை வெட்கமும் பயமும். 3:10இல் ஆதாமே "பயந்து ஒளித்துக்கொண்டேன்" என்கிறான்.

பிறகு பலகையில் மூன்று வரி எழுதுங்கள். செயல் நடந்த வரிசை: பாம்பு, பெண், ஆண். விசாரணை வரிசை: ஆண், பெண் (பாம்பிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை). தீர்ப்பு வரிசை: பாம்பு, பெண், ஆண். இதைப் பார்த்த பிறகு "சபிக்கப்பட்டது யார்?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் "ஏவாள்" என்பார்கள். தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். 3:14இல் பாம்பு, 3:17இல் நிலம். அவ்வளவுதான். பெண்ணுக்கும் ஆணுக்கும் வேதனை உண்டு, உழைப்பு உண்டு, சாபம் என்ற சொல் அவர்கள் மேல் விழவில்லை.

பின்வரிசைப் பையனுக்குப் பதில் 3:12. "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீ" என்று ஆரம்பிக்கிறான் ஆதாம். ஒரே வாக்கியத்தில் மனைவியையும் மாட்டிவிட்டு, அவளைத் தந்தவரையும் மாட்டிவிடுகிறான். பையன் சொல்வது புதுக் கருத்து இல்லை, ஆதாம் சொன்ன அதே சாக்கு. இதைக் கேலியாகச் சொல்லாமல், அந்த வசனத்தை அவனையே வாசிக்க வையுங்கள். 3:6ஐத் திருவிவிலிய மொழிபெயர்ப்பில் பாருங்கள், கணவன் அவளோடுதான் இருந்தான். பாம்பு பேசும்போதும் வாய் திறக்கவில்லை, பழத்தை வாங்கும்போதும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

3:16 கவனம். "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்பதைச் சிலர் கட்டளையாக வாசிப்பார்கள். அது விளைவு. 3:18இல் நிலம் முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும் என்று இருக்கிறது. அதற்காக யாரும் களை பிடுங்காமல் இருப்பதில்லை. அதே 3:16 பிரசவ வேதனையையும் சொல்கிறது. 1847இல் எடின்பரோவில் மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது, மத அடிப்படையில் வரும் ஆட்சேபங்களுக்குத் தனியாகவே பதில் எழுதி வெளியிட வேண்டியிருந்தது. இந்த ஒரு வசனத்தைத் தவறாகப் பிடித்தால் எதுவரை போகும் என்பதற்குப் பெரிய பிள்ளைகளிடம் இந்த உதாரணம் நன்றாக எடுபடும்.

ஆப்பிள் வேண்டாம். வசனத்தில் வெறும் "கனி". யூத ரபிகள் திராட்சை, அத்தி, கோதுமை என்று மூன்று விதமாகச் சொன்னார்கள், ஆப்பிள் அந்தப் பட்டியலில் இல்லை.

ஜார்ஜ்டவுன்_எபி:

ரூத் அக்கா சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: பழியை ஏவாளிடமிருந்து எடுத்து ஆதாம் தலையில் போட்டுவிட்டால் பாடம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 3:6இல் அவள் பார்க்கிறாள், எடை போடுகிறாள், பறிக்கிறாள். உணவுக்கு நல்லது, கண்ணுக்கு இன்பம், புத்தி தெளியும் என்று மூன்று காரணம். ஏமாந்த அப்பாவி என்று அவளைச் சித்திரித்தால், யோசித்து முடிவெடுத்த ஒரே ஆளை வசனத்திலிருந்து அழித்த மாதிரி.

1 தீமோத்தேயு 2:14ஐ யாராவது கண்டிப்பாக எடுத்து வீசுவார்கள், "ஆதாம் வஞ்சிக்கப்படவில்லை" என்று. பக்கத்திலேயே ரோமர் 5:12ஐ வையுங்கள். அங்கே பாவம் உலகத்தில் வந்தது "ஒரே மனுஷனாலே". தொடர்ந்து 5:14இல் ஆதாம் பெயர்தான் வருகிறது, ஏவாள் பெயர் இல்லை. இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் ஒன்றை மட்டும் பிடித்ததால்தான், கி.பி. 200 வாக்கில் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் பெண்களைப் பார்த்து "நீ பிசாசின் வாசல்" என்று எழுதும் அளவுக்குப் போனது.

இன்னொன்று. ஏவாள் என்ற பெயரே 3:20இல்தான் வருகிறது, தீர்ப்பெல்லாம் முடிந்த பிறகு. பிறகு 4:1இல் ஒருமுறை. எபிரேய வேதம் முழுக்க அவ்வளவுதான்; தீர்க்கதரிசிகள் யாரும் அவள் பெயரைச் சொல்லித் திட்டவில்லை. "பாவம்" என்ற சொல்லும் 3ஆம் அதிகாரத்தில் கிடையாது. முதன்முதலில் வருவது 4:7, ஆதாமின் மகன் காயீனிடம். அதனால் நேரம் இருந்தால் 4:1-16ஐயும் தொடுங்கள். விழுகை ஒரு பழத்தோடு நிற்கவில்லை, அடுத்த தலைமுறையில் கொலையாகிறது.

புக்கிட்மெர்தாஜாம்_சவரி:

ஜென்மபாவம் பற்றி நான் எழுதுகிறேன். முதலில் அடுக்கு பிரித்துச் சொல்ல வேண்டும்: வசனம் சொல்வது ஒன்று, சபைகள் அதிலிருந்து கட்டியது ஒன்று. ஒரு மணி நேரம் வசனத்தோடு இருங்கள். கடைசி இருபது நிமிடம் மட்டும் உபதேசத்துக்கு. தலைகீழாகச் செய்தால் பிள்ளைகள் வசனத்தில் இல்லாததையெல்லாம் இருப்பதாகச் சாதிப்பார்கள்.

பாம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 3 அதைக் காட்டு விலங்குகளில் தந்திரமுள்ளது என்கிறது, சாத்தான் என்று சொல்லவில்லை. அந்தத் தொடர்பு வெளிப்படுத்தல் 12:9இல் தெளிவாக வருகிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் சாலமோனின் ஞானம் 2:24ஐயும் காட்டலாம், அலகையின் (பிசாசின்) பொறாமையால் சாவு வந்தது என்று இருக்கும். மற்ற பிள்ளைகளின் வேதாகமத்தில் அந்தப் புத்தகமே இருக்காது. "என் பைபிள்ல இல்லையே" என்று தேடி ஐந்து நிமிடம் போகும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உபதேசத்துக்கு வருவோம். ஆயர் அகஸ்தீன் (354-430) தான் இதற்கு உருவம் கொடுத்தவர். மனிதன் தன் முயற்சியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்ற பெலாஜியுஸ் தரப்போடு நடந்த வாதத்தில், கி.பி. 418இல் கார்த்தேஜ் சங்கம் (ஆயர்கள் கூடிய மாநாடு) அந்தக் கருத்தைத் தள்ளியது. லுத்தரன் பக்கம் 1530இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 2ஆம் பிரிவு: பிறக்கும்போதே தேவபயமும் நம்பிக்கையும் இல்லாமல், தீய இச்சையோடு பிறக்கிறோம், அதுவும் உண்மையான பாவமே. கத்தோலிக்கப் பக்கம் 1546இல் திரிதெந்து சங்கம் ஜென்மபாவ உபதேசத்தை வரையறுத்தது. இன்றைய மறைக்கல்வி நூல் 405ஆம் எண்ணில் இதை ஆதாமின் சந்ததியிடம் தனிப்பட்ட குற்றமாகக் கருதக் கூடாது என்கிறது. இழந்தது ஆதிப் புனிதம், இயல்பு காயப்பட்டது, முழுக்கக் கெட்டுவிடவில்லை. மெத்தடிஸ்ட் பக்கம் அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஜென்மபாவத்தை ஏற்றார், ஆனால் மனிதன் தேடுவதற்கு முன்பே தேவகிருபை அவனிடம் வேலை செய்கிறது என்பதை அழுத்திச் சொன்னார். சண்டை வரும் இடம் ஒன்றுதான்: அது குற்றமா, காயமா? பலகையில் அந்த இரண்டு சொல்லையும் எழுதி, ஒவ்வொரு சபையும் எங்கே நிற்கிறது என்று காட்டினால் போதும். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடம் இது இல்லை. சிரியன் ஆர்த்தடாக்ஸ் மலையாளிப் பிள்ளைகள் யாராவது வந்தால், கிழக்குச் சபைகள் குற்றத்தைவிட மரணம்தான் வழிவழியாய் வந்தது என்று சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3:15ஐ விடாதீர்கள். "ஸ்திரீயின் வித்து" பாம்பின் தலையை நசுக்கும் என்பதைக் கிறிஸ்தவர்கள் முதல் நற்செய்தி என்றே அழைப்பார்கள். 2ஆம் நூற்றாண்டிலேயே ஆயர் இரேனேயு, ஏவாளின் கீழ்ப்படியாமையால் விழுந்த முடிச்சை மரியாளின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என்று எழுதினார். டிசம்பர் 8 (மரியாளின் அமல உற்பவத் திருவிழா) திருப்பலியில் இந்தப் பகுதி முதல் வாசகமாக வருவது அதனால்தான்.

செந்தூல்_கிரேஸ்:

கைவேலைக்கு நான் சொல்றேன் தம்பி. 3:7இல் அத்தியிலையைத் தைத்தார்கள் இல்லையா, அதையே செய்ய விடுங்க. ஆனா நிஜ அத்தியிலை வேண்டாம். இங்கே நர்சரியில "பூவா தின்" என்று விற்கிறாங்களே, அதுதான் வேதாகமத்து அத்தி. அதன் காம்பை ஒடிச்சா வெள்ளைப் பால் வரும். அந்தப் பால் தோல்ல பட்டு மேல வெயிலும் பட்டா, ஓரிரு நாள் கழிச்சுச் சிவந்து கொப்புளம் வரும். இலையும் சொரசொரப்பு, அரிக்கும். ஒரு இலையை ஜிப் பையில போட்டுக் காட்டுங்க, அது போதும்.

தைக்கக் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை எடுங்க. பினாங்குக் கடற்கரையில மட்டும் இல்ல, கோலாலம்பூர்ல கார் நிறுத்துமிடத்துலயே நிறைய இருக்கு. பால் கிடையாது, இலை அகலம். நாலு பேர் குழுவுக்கு 8 இலை. தென்னந்துடைப்பத்து ஈர்க்கை விரல் நீளத்துக்கு ஒடிச்சு, நம்ம தையல் இலை தைப்பது மாதிரியே தைக்கணும். மூன்றில் ஒரு பங்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறணும். ஈர்க்கை நரம்புக்குக் குறுக்கே குத்தணும். நரம்பு ஓடும் திசையிலேயே குத்தினா இலை நீளமாக் கிழிஞ்சிடும். அன்று காலையில பறிச்ச இலை வேணும், உதிர்ந்து கிடப்பது மடக்கும்போதே ஒடியும். 15 நிமிடம் கொடுங்க.

தைத்ததைக் காற்றாடிக்குக் கீழே வைச்சிட்டு 3:8-19ஐ நடத்துங்க. இலை வாடிச் சுருங்கும், ஈர்க்கு குத்தின ஓட்டை பெரிசாகித் தையல் நழுவும். அப்புறம் அதை இடுப்பில கட்டச் சொல்லிட்டு, ஆண்டவர் தோல் உடை செய்து உடுத்தும் 3:21ஐ வாசிங்க. செருப்புத் தைக்கும் கடையில மிச்சத் தோல் கேட்டா ஒரு துண்டு கொடுப்பாங்க, அதைக் கையில கொடுத்து இலையோட ஒப்பிட வைங்க. ஒரு விஷயம் ஜாக்கிரதை: தோல் என்றால் ஒரு மிருகம் செத்திருக்கணும், அதுதான் முதல் பலி என்று பலர் பிரசங்கிப்பாங்க. வசனத்துல பலி என்ற பேச்சே இல்ல. அது விளக்கம்னு சொல்லிட்டுச் சொல்லுங்க.

ஸ்லைடு போடுவதாக இருந்தால் மைக்கேல் ஆஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் (1508-1512) வரைந்தது நல்லது. அதுல ஆதாமே கையை நீட்டி மரத்தைப் பிடிக்கிறான், அவள் கொடுக்கும்வரை காத்திருக்கல. முழுப் படம் வேண்டாம், கைகளும் பாம்பும் தெரியும் அளவுக்கு வெட்டிப் போடுங்க.

பிரிக்பீல்ட்ஸ்_தீமோ:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி எப்படியும் வரும். "அந்த நாளில் சாவாய்" என்று 2:17 சொல்கிறதே, ஆதாம் 930 வருடம் வாழ்ந்தானே? அடுத்தது லிலித். யூடியூப்பில் பார்த்துவிட்டு "ஏவாளுக்கு முன்னாடி இன்னொரு மனைவி" என்பார்கள்.

புக்கிட்மெர்தாஜாம்_சவரி:

முதல் கேள்விக்கு மூன்று பழைய பதில்கள் உண்டு. அன்றே கடவுளோடு இருந்த உறவு செத்தது என்பது ஒன்று. 3:8இல் ஒளிந்துகொள்வதை ஆதாரமாகக் காட்டுவார்கள். சாவுக்கு ஆளாகும் நிலை அன்று தொடங்கியது என்பது இன்னொன்று. 3:22-24இல் ஜீவவிருட்சத்துக்குப் போகும் வழி அடைக்கப்படுவதோடு இது பொருந்தும், என் பார்வையில் வசனத்துக்கு மிக அருகில் இருப்பதும் இதுதான். மூன்றாவது யூத மரபு: ஆண்டவருக்கு ஆயிரம் வருடம் ஒரு நாள் (சங்கீதம் 90:4), 930 அதற்குள் அடங்கிவிடுகிறது. கணக்குப் பிடித்த பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், அதிலேயே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிலித் ஆதியாகமத்தில் இல்லை. ஆதாமின் முதல் மனைவி என்ற கதை இடைக்காலத்து யூத நூல் ஒன்றில், பென் சீராவின் அகரவரிசையில், வருகிறது. ஆதியாகமம் எழுதப்பட்டுப் பல நூற்றாண்டுக்குப் பிந்தியது. எபிரேய வேதத்தில் அந்தச் சொல் ஏசாயா 34:14இல் மட்டும், பாழடைந்த ஏதோமில் தங்கும் ஏதோ ஒன்றாக வருகிறது, ஆதாமோடு சம்பந்தமே இல்லை.

பள்ளியில் மலாய் நண்பர்கள் ஏவாளை ஹவா என்று சொல்வதும் பேச்சில் வரும். குர்ஆனில் அந்தப் பெயர் இல்லை, "மனைவி" என்று மட்டும் இருக்கிறது. இருவரும் சேர்ந்து வழுக்கி, சேர்ந்தே மன்னிப்புக் கேட்கிறார்கள் (7:20-23). யாராவது கேட்டால் இந்த அளவு சொல்லுங்கள், நீங்களாக எடுக்க வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தில் அதற்கு இடம் இல்லை.