ஒரே ஏற்பியில் மூன்று மருந்துகள், மூன்று விளைவுகள்: ஏன்?

கேள்வி (உயிர்வேதியியல் மாணவி):
மார்ஃபின், நாலாக்சோன், புப்ரினார்பின் ஆகிய மூன்றும் மியூ ஓபியாய்டு ஏற்பியின் (மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் வந்து பிணையும், நரம்புச் செல்சவ்வில் உள்ள புரதம்) ஒரே குழிவில்தான் பிணைகின்றன என்று படித்தேன். அப்படியிருக்க, முதலாவது போதைக்கு அடிமையாக்குவதும், இரண்டாவது மூச்சடங்கிக் கிடப்பவரைச் சில நிமிடங்களில் எழுப்பிவிடுவதும், மூன்றாவது போதை மீட்புச் சிகிச்சைக்கே பயன்படுவதும் எப்படி? பூட்டில் சாவிபோல மருந்து ஏற்பியில் பொருந்துகிறது என்னும் உவமை இங்கே கைகொடுக்கவில்லை.

மறுமொழி 1 (மருந்தியல் விரிவுரையாளர்):
அந்த உவமை பிணைப்பை மட்டுமே விளக்கும். பிணைந்தபின் புரதம் என்ன ஆகிறது என்பதைச் சொல்லாது. செல்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் இந்த ஏற்பி, செயலற்ற வடிவுக்கும் செயல்படும் வடிவுக்கும் இடையே ஓயாமல் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. மார்ஃபின் வந்து பிணைந்தால் செயல்படும் வடிவு நிலைபெறுகிறது. செல்லின் உட்புறத்தில் ஏற்பியின் செய்தியை எடுத்துச்செல்லும் ஜி புரதம் தூண்டப்பட்டு, செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறான சுழல் ஏஎம்பி குறைந்து, பொட்டாசியம் வாயில்கள் திறந்து, கால்சியம் வாயில்கள் அடைபட்டு, அந்த நரம்புச் செல் அடங்கிவிடுகிறது. நடுமூளையில் இவ்வாறு அடங்குபவை இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைனை வெளியிடும் செல்களைக் கட்டுப்படுத்தும் காபா செல்கள் (காபா என்பது பிற செல்களை அடக்கும் வேதிப்பொருள்) என்பதால், கட்டுத் தளர்ந்து டோபமைன் மிகுதியாக வெளிப்படுகிறது. மூளைத்தண்டிலோ அதே ஏற்பி மூச்சின் தாளத்தையே அடக்குகிறது.

நாலாக்சோன் மார்ஃபினை விலக்கிவிட்டுக் குழிவை நிரப்பினாலும் ஏற்பியைச் செயல்படும் வடிவுக்குக் கொண்டுவருவதில்லை. புப்ரினார்பின் ஏற்பியைப் பாதியளவே தூண்டுகிறது. ஆனால் இறுக்கமாகப் பிணைந்து மெல்ல விலகுவதால், பின்னர் வரும் ஹெராயினுக்கு இடம் கிடைப்பதில்லை.

மறுமொழி 2 (மருத்துவர்):
அந்த இறுக்கத்துக்கு ஓர் ஆபத்தான பக்கமும் உண்டு. உடலில் ஹெராயின் இன்னும் மிகுந்திருக்கும்போது புப்ரினார்பின் கொடுத்தால், முழுத் தூண்டலைத் தள்ளிவிட்டுப் பாதித் தூண்டல் அமர்வதால், விலகல் அறிகுறிகள் (போதைப்பொருள் நின்றதும் உடல் படும் அவதிகள்) திடீரெனக் கடுமையாகத் தோன்றும். ஆகவேதான் இலேசான அறிகுறிகள் தொடங்கும்வரை காத்திருக்கிறோம். நாலாக்சோனின் பலன் ஏறத்தாழ 30 முதல் 90 நிமிடங்களே நீடிக்கும்; அதன்பின் உடலில் எஞ்சிய போதைப்பொருள் மீண்டும் மூச்சை அடக்கலாம் என்பதால், எழுந்து உட்கார்ந்தவரை உடனே வீட்டுக்கு அனுப்புவது தவறு.

மறுமொழி 3 (ஆய்வு மாணவர்):
மியூ ஏற்பிதான் உண்மையான இலக்கு என்பதற்கு வலுவான சான்று 1996-இல் கிடைத்தது: அதன் மரபணு நீக்கப்பட்ட எலிகளில் மார்ஃபினால் வலியும் தணியவில்லை, அதன்மேல் நாட்டமும், உடல் அதைச் சார்ந்துவிடும் நிலையும் உண்டாகவில்லை. எனினும் எல்லாப் போதைப் பொருள்களும் ஏற்பியில் பிணைபவை அல்ல. கோகெய்ன், வெளிப்பட்ட டோபமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் கடத்திப் புரதத்தை அடைக்கிறது. ஆம்ஃபெட்டமினோ அதே கடத்தியின் வழியாக உள்ளே புகுந்து, அதை எதிர்த்திசையில் இயங்கச் செய்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஏற்பி அடக்கவே செய்கிறது என்றால், மருந்தை நிறுத்தும்போது உடல் கொந்தளிப்பது எதனால்?

மறுமொழி 1 (மருந்தியல் விரிவுரையாளர்):
நெடுநாள் அடக்கப்பட்ட செல், அதை ஈடுகட்டச் சுழல் ஏஎம்பி ஆக்கும் நொதியைப் பெருக்கிக்கொள்கிறது. மார்ஃபின் விலகியதும் தடையின்றி அது இயங்குவதால், குறிப்பாக மூளைத்தண்டின் நார்அட்ரினலின் செல்கள் மிகையாகத் துடிக்கின்றன. வியர்வை, படபடப்பு, நடுக்கம் எல்லாம் பெருமளவு அதன் விளைவே. அதே செல்களில் ஆல்ஃபா-2 என்னும் வேறோர் ஏற்பியைத் தூண்டி, அதே ஜி புரத வழியில் அவற்றை அடக்குவதால்தான், ஓபியாய்டு அல்லாத குளோனிடின் அப்போது பயன்படுகிறது.